சம்பந்தியும் நானும் கசினோ வாசலும்

மொன்ட்ரியாலில் எங்கள் ஆட்களுக்கு விருந்தினர் வந்தால் வழக்கம் ஒன்றுதான். காலையில் சூசையப்பர் கோயில், மாலையில் கசினோ. (சைவக்காரருக்கும் இதே ஒழுங்குதான்.) அந்த வழக்கத்தைக் காப்பாற்றப் போய் என்னளவுக்கு மானம் கெட்டவன் இந்த ஊரில் இருக்க முடியாது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்குச் சூதாட்ட மெஷின் பைத்தியம். சம்பளம் வந்தால் கால் தானாகக் கசினோவுக்குப் போகும். மனைவி ஜெயந்தி அழுதாள், கத்தினாள். ஒருநாள் கதைப்பதையே நிறுத்திவிட்டாள். அதில்தான் பயந்துபோனேன். நானே போய், இனி என்னை உள்ளே விடக்கூடாது என்று கசினோக்காரரிடம் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து என் தங்கை மாலாவுக்குச் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் டொரொன்டோவிலிருந்து வந்தார்கள். கோயில் முடிந்ததும் தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இஞ்சை கசினோவிலை சாப்பாடு நல்லமாமே?"

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் சூதாடியின் தங்கையை யார் எடுப்பார்கள்? விளையாடத்தானே தடை, சாப்பிட இல்லையே என்று என் மரமண்டை சொன்னது.

"தலையிடி எண்டு சொல்லிப்போட்டுக் காருக்குள்ளை இருங்கோ" என்று ஜெயந்தி காதுக்குள் சீறினாள்.

சம்பந்தியைத் தனியே அனுப்புவதா? முறையா அது? கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு முன்னால் நடந்தேன். (மாதம் ஜூலை.)

வாசல் காவலாளி முதலில் தொப்பியைப் பார்த்தார், பிறகு என்னை. என் பெயரையும் சேர்த்து "போன்ஜூர்" சொன்னார்.

"உம்மை எல்லாருக்கும் தெரியுது போல!" என்று சம்பந்தி பூரித்தார்.

அடுத்த கணம் காவலாளி வழிமறித்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினேன். இவர் என் தங்கையை எடுக்கப்போகிறவரின் தகப்பன், நான் கூடப் போகாவிட்டால் மரியாதை இல்லை... ஐயோ, 'சம்பந்தி' என்பதற்கு அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை! ஆங்கிலத்துக்குத் தாவினேன். "கையெழுத்து வைத்ததும் நான். இப்போது சொல்லுவதும் நான். இன்றைக்கு மட்டும் விடுங்கள்!"

"விடாதே என்று சொன்னதும் நீங்கள்தான் ஐயா" என்றார் அவர் பணிவாக. "அன்றைக்குக் கையெழுத்து வைத்தவருடைய பேச்சைத்தான் நான் கேட்க வேண்டும்."

"என்ன கையெழுத்து?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

மாலாவின் கலியாணம் போச்சு என்றே நினைத்தேன். தொப்பியைக் கழற்றினேன். "விளையாட்டை விடேலாமல் போச்சுது அக்கா. அதுதான் என்னை உள்ளுக்கு விடாதேங்கோ எண்டு நானே எழுதிக் குடுத்தனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, டொரொன்டோ ஆக்களும் உதிலை கையெழுத்து வைக்கலாமோ எண்டு கேட்டுச் சொல்லுமன்."

அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

மாலாவின் கலியாணம் நடந்தது. பதிவில் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சம்பந்தியையும் என்னையும் கூப்பிட்டபோது ஜெயந்தி மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

"கொஞ்சம் பொறுங்கோ, இவை ரண்டுபேரும் முதல்லை சாப்பிடட்டும்! கையெழுத்து வைச்சால் பேந்து உள்ளுக்கு விடமாட்டினம்!"

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் முதற்பந்தியில் முதல் இரண்டு கதிரை சம்பந்திக்கும் எனக்கும்தான்.