தேரி மணலில் ஒரு பெரட்டு

எங்கள் மலைக் கிராமம் வில்பட்டியில் சூரியனே கங்காணி அக்காவிடம் பேர் கொடுத்துவிட்டுத்தான் மேலே வரும். மேகம் மூடி அது வராத நாளில், "இன்னிக்கு அவனுக்கு அரை நாள்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா பாட்டுக்கு மண்வெட்டியை எடுப்பார்.

அவர் நிஜக் கங்காணி இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அங்கே கங்காணி என்கிற மேஸ்திரி தினமும் வெள்ளனே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவாராம். அதற்குப் பெரட்டு என்று பேர். எழுபதுகள் முடிகிற சமயம், சர்க்கார் திருப்பி அனுப்பிய கூட்டத்தோடு கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தார். எங்களோடு கேரட் காட்டில் கூலிக்குச் சேர்ந்த மறுநாளே, யாரும் கேட்காமல் பெரட்டைத் தொடங்கிவிட்டார்.

"கொழுந்துக்காரியா ஏறி கங்காணியா எறங்கியிருக்கு. நடுக்கடல்ல யாருடி பதவி குடுத்தது?" என்பாள் பாண்டியம்மா. அவள் என் கூட்டாளி. வாய் அவளுக்கு, தோள் எனக்கு. ரெண்டு ஆள் தூக்கும் மூட்டையை நான் ஒற்றையாய்த் தூக்குவேன். சும்மா சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள்.

பேர் கூப்பிட்டால் "வந்தேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. எதிரில் நின்றாலும் செல்லாது.

"கண்ணு முன்னால கல்லு மாதிரி நிக்கிறேனே, தெரியலையாக்கா?"

"கல்லு நிக்கிறது தெரியுது. ராக்கம்மா வந்துட்டாளான்னுதான் கேக்குறேன்."

ராக்கம்மா நான்தான்.

ஒரு தடவை கேரட் தோண்டி முடிந்து, அடுத்த விதைப்புக்கு முன்னால் ரெண்டு நாள் சும்மா கிடந்தது. திருச்செந்தூர் போவோம் என்றாள் பாண்டியம்மா. மலை முருகனைத்தான் பழனியில் பார்க்கிறோம், கடற்கரை முருகனையும் பார்க்க வேண்டாமா என்று சாக்கு. உண்மையில் கடலைப் பார்க்கத்தான் ஆசை. என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "கைகால் ஒடிஞ்சு வந்தா காட்டு வேலைக்கு யாரு போறது? அடுப்பு எப்படி எரியும்?" என்றார்.

கங்காணி அக்கா வாசலில் வந்து நின்றார். "போற தலை அத்தனையும் கொறையாமக் கொண்டாந்து நிறுத்துறேன்மா. அது ஏம் பொறுப்பு." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்களை விட்டார்கள்.

பஸ் ஏறினால் பெரட்டு. வத்தலக்குண்டில் டீ குடித்தால் பெரட்டு. மதுரையில் பஸ் மாறியதும், "நானே டிக்கெட் போட்டு முடிச்சிட்டேன், நீங்க இன்னும் பேர் கூப்பிட்டு முடிக்கலையாம்மா?" என்று கண்டக்டர் கும்பிட்டார். கடலிலோ அலைக்கு ஒரு பெரட்டு. முங்கி எழுந்து கண்ணைத் திறக்குமுன் பேர் வரும். "வந்தேன்" சொல்ல வாயைத் திறந்தால் அடுத்த அலை உள்ளே போகும். வயிறு நிறைய உப்புத்தண்ணீரோடுதான் சாமி கும்பிட்டேன்.

மறுநாள் பக்கத்தில் தேரிக்காட்டுக்குப் போனோம். தேரி என்றால் மணல் மேடு. மிளகாய்த் தூளைக் கொட்டி வைத்த மாதிரி செக்கச்செவேலென்று மேடு மேடாய்க் கிடந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பனை மட்டையில் உட்கார்ந்து இதில் சறுக்கும் என்றார் அங்கே பதநீர் விற்ற அம்மா. ஓலையோடு ரெண்டு மூன்று மட்டையும் தந்தார்.

மலைக்காரிகளுக்குச் சறுக்கலைச் சொல்லித் தர வேண்டுமா? எங்கள் பக்கம் புல்சரிவில் கோஸ் மூட்டையைச் சறுக்கி விடுவோம். காய்ந்த புல்லில் மூட்டை நிற்கும். பனியில் நனைந்த புல்லில் பறக்கும். அதனால் கங்காணி அக்கா உத்தரவு போட்டார்: "தண்ணிய ஊத்துங்க புள்ளைகளா. நனைஞ்சாத்தான வழுக்கும்?"

குடிக்கக் கொண்டுபோன குடத்தை அப்படியே சரிவில் கவிழ்த்தோம். பதநீர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அக்கா மட்டையில் ராணி மாதிரி உட்கார்ந்தார். தள்ளினோம். ஈர மணலில் மட்டை அசையவில்லை. எல்லோரும் சேர்ந்து ஓங்கித் தள்ளினோம். மட்டை அங்கேயே இருந்தது. அக்கா மட்டும் போனார்.

"ஏடி, கங்காணி போயாச்சு, வண்டி இங்க கெடக்கு!" என்று பாண்டியம்மா சிரித்து உருண்டாள்.

காய்ந்த மணல்தான் ஓடும் என்று அப்புறம் புத்தி வந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆளுக்கு ஒரு சறுக்கு. கீழே போய்ச் சேர்ந்தால், சொல்ல வேண்டுமா, பெரட்டு.

எனக்கு அந்தக் குட்டி மேடு போதவில்லை. பின்னால் இருந்த பெரிய தேரியில் தனியாக ஏறினேன். அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு. உட்கார்ந்து காலை எடுத்தேன். பாதி வழி நான் மட்டை மேல் போனேன், மீதி வழி மட்டை என் மேல் வந்தது. பள்ளத்தில் குப்புற விழுந்தேன். பின்னாலேயே மணல் சரிந்து இடுப்புவரை மூடியது. வாயெல்லாம் மணல்.

மேட்டுக்கு அப்பாலிருந்து பேர் வந்தது. "ராக்கம்மா."

துப்பத் துப்ப மணலே வந்தது.

"ராக்கம்மா!"

"இங்கனதான் எங்கயாச்சும் நிப்பாக்கா," என்றது பாண்டியம்மா குரல்.

"நிக்கிறவ பதில் சொல்லணும்ல? ராக்கம்மா!" அக்கா குரல் உடைந்துவிட்டது. மணலுக்குப் பயப்படாத நான் அந்தக் குரலுக்குப் பயந்தேன்.

உச்சியில் அவர் தலை தெரிந்தது. மட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்படியே உருண்டு வந்தார். நுனி ஒடியாமல் கேரட் தோண்டுகிற மாதிரி, விரலாலேயே என்னைச் சுற்றித் தோண்டினார். தூக்கி உட்கார வைத்துக் கையை மடக்கிப் பார்த்தார், காலை நீட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று இருந்தேன்.

"ராக்கம்மா," என்றார் முகத்துக்கு நேரே. வரிசையில் கூப்பிடும் அதே குரல்.

மணலைத் துப்பிவிட்டு, "வந்தேன்" என்றேன்.

அக்கா அப்படியே மல்லாந்து சாய்ந்துவிட்டார். சிரித்த சிரிப்பில் கண்ணீர் காதுக்குள் போனது.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தானாகச் சொன்னார். "கப்பல்லருந்து எறங்குனதும் எங்க தங்கச்சி குடும்பத்தை சர்க்காரு ஆளுங்க வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க புள்ள. எந்த ஊருன்னு இன்னும் தெரியல. அந்தக் கூட்டத்துல பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வரல."

நான் கேட்டேன். "எல்லாரு பேரையும் கூப்பிடுறீங்க. ஒங்க பேரை யாருக்கா கூப்பிடுறா?"

"கங்காணிக்கு ஏதுடி பேரு?"

நான் விடவில்லை. காதில் சொன்னார்.

வில்பட்டி வந்து சேரும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் மாமியார் முக்காடு போட்டுக்கொண்டு வழியிலேயே நின்றார். அக்கா எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார். எல்லா வாயும் "வந்தேன்" என்றது. மாமியார் பெருமூச்சு விட்டு, "வெரசா வா, கஞ்சி ஆறுது" என்றார்.

நான் நகரவில்லை. கங்காணி அக்காவைப் பார்த்து அவர் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "வந்தேன்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் தினமும் பெரட்டில் கடைசிப் பேர் அதுதான். கூப்பிடுவது என் சோலி. எனக்குத் தெரிந்த நாலு எழுத்தில் அந்தப் பேரையும் எழுத வரும். ஆனாலும் இங்கே எழுதவில்லை. எழுதினால் பதில் வராதே.