மூச்சு மாஸ்டர் கற்றுத்தந்த அமைதி

மன அமைதிக்காக மூச்சு மாஸ்டர் போட்ட அளவு சத்தத்தைக் கோயம்புத்தூரில் வேறு யாரும் போட்டதில்லை. கணபதியில் நான் வேலை பார்க்கும் மோட்டார் பம்பு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவு அவர் பொறுப்பு. அன்னூர்க்காரர். ஏதோ ஒரு தியான முகாமுக்குப் போய்வந்தவர், சரக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு எல்லோருக்கும் மூச்சு விடச் சொல்லித்தர ஆரம்பித்தார். அதுவரை நாங்கள் யாரையும் கேட்காமல்தான் விட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் வெள்ளகோவில் வியாபாரி ஒருவர் போனில் வந்தார்.

"ஏனுங்க, பம்பு இன்னும் வரலைங்க. தண்ணியில்லாம தென்னை காயுதுங்க."

"பதறாதீங்க. கண்ணை மூடிட்டு மூச்சை மெதுவா இழுங்க."

"இழுத்துப்போட்டேனுங்க."

"இப்ப என்னங்க தெரியுது?"

"காஞ்ச தென்னைதானுங்க தெரியுது."

அந்த வியாபாரி அதன்பின் எங்களிடம் பம்பு வாங்கவில்லை. முதலாளி மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார். வெகுநேரம் கழித்து மாஸ்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார்.

"கோபத்தை உள்ளயே வெச்சிருக்காருங்க. வெளிய உடச் சொன்னேன்."

"உட்டாருங்களா?"

"உட்டாருங்க. அத்தனையும் எம்மேலதானுங்க."

இப்பேர்ப்பட்டவர் என்னோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கரண்ட் போன அடுத்த நொடி, கதவை இரண்டு கையாலும் அடித்தபடி சென்னிமலை முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முருகனுக்கு முன்னால் கரண்ட் வந்து சேர்ந்தது. வெளியே வந்ததும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "சாமியக் கூப்பிடறதும் ஒரு மூச்சுப் பயிற்சிதானுங்க" என்றார்.

போன வருடம் என் மனைவிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எப்படித் தெரிந்ததோ, மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதாவது பயிற்சி சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அம்மணிக்கு ஒண்ணும் ஆகாதுங்கல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஆகாதுங்க" என்றேன்.

கேண்டீனில் தண்ணீர் வாங்கிவந்து குடிக்க வைத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவர் திரும்பவும் கேட்டார். நானும் திரும்பவும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. டாக்டர் வெளியே வந்து நல்ல சேதி சொன்னபோது விம்மி அழுதது மாஸ்டர்தான்.

அவரைத் தேற்றிக்கொண்டிருந்த அந்த மதியம் முழுக்க, பயப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.