மூன்றாவது மாடியும் சம்பந்தியின் இரங்கலும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம். மற்றவர்கள் இதை ஒப்புக்கு எழுதுவார்கள். தாங்கள் என் மனைவிக்கு எழுதிய இரங்கல் கடிதத்தை நானே உட்கார்ந்து படித்துவிட்ட நிலையில், நான் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்குப் பேனாதான் காரணம், வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை ஃபோனில் விவரம் சொல்லியிருப்பார். இருந்தாலும் அவர் சொன்னால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவார். தாங்கள் அவ்வளவு சிரமப்பட்டு, நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கும்போது, நடந்ததை முறையாகத் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார் என்பது தங்களுக்குத் தெரியும். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். வீடு தேடி அலைந்ததில் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் தரகர் ஒருவர் ஒரு வீடு சொன்னார். மூன்றாவது மாடி, நல்ல வெளிச்சம், நல்ல காற்று, அமைதியான தெரு என்று வர்ணித்துக்கொண்டே போனார். "லிஃப்ட் இருக்கா?" என்றேன். "காத்து பிரமாதமா வரும் சார்" என்றார். மறுபடி கேட்டேன். "வெளிச்சமும் அப்படித்தான் சார்" என்றார். அப்போதே புரிந்திருக்க வேண்டும். வேலைக்காலம் முழுக்க ஊரில் உள்ளவர்களின் லிஃப்டைப் பழுது பார்த்தவனுக்குக் கடைசியில் லிஃப்ட் இல்லாத வீடு. என் கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தாங்கள் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டீர்கள். லிஃப்ட் மெக்கானிக்கை எப்போது கூப்பிடுவார்கள்? லிஃப்ட் நின்றுபோனால் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிஃப்டில் மெக்கானிக் எப்படி மேலே போவான்? மோட்டார் இருப்பதோ மொட்டை மாடியில். ஆகவே நான் வேலை பார்த்த காலம் பூராவும் கையில் கருவிப்பெட்டியோடு படியில்தான் ஏறினேன். நான் ஏறிப்போய்ச் சரிபண்ணினதும் மற்றவர்கள் லிஃப்டில் போனார்கள். என் முட்டி இரண்டும் போனது இப்படித்தான். என் மனைவியின் முட்டி எதனால் போயிற்று என்று டாக்டருக்கே தெரியவில்லை. அதனால் எங்களிருவரிடமும் இருப்பது மொத்தம் நான்கு முட்டிகள், ஒன்றும் உருப்படி இல்லை. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போகலாமா வேண்டாமா என்பதுதான் எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஓடும் பிரச்சினை. அவளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். எதைக் கேட்டாலும் இதே பதில்தான். இவ்வளவு விட்டுக்கொடுக்கும் மனைவி கிடைத்ததற்கு நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். தரகர் சாவியை என் கையில் கொடுத்து, "நீங்க போய்ப் பாருங்க சார், நான் ஒரு ஃபோன் பேசிட்டு வந்துடறேன்" என்றார். அந்த ஆள் ஒரு தடவைகூட அந்த வீட்டைப் பார்த்ததில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். கட்டடத்தின் கீழே ஒரு தையல் கடை. தையல்காரர் நல்ல மனுஷர், என் மனைவிக்கு வாசலில் நாற்காலி போட்டு டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார், அவளுடைய ஃபோனில் சார்ஜ் இல்லை என்றதும் வாங்கி உள்ளே தையல் மிஷின் பக்கத்தில் சொருகிவைத்தார். என் ஃபோன் வழக்கம்போல வீட்டில் இருந்தது. "நீங்க முதல்ல போங்க, நல்லா இருந்தா சொல்லுங்க, நான் வர்றேன்" என்றாள் இவள். நான் ஏறினேன்.

நான் ஏறிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மா ஃபோன் செய்திருக்கிறார்கள். தையல்காரர் எடுத்திருக்கிறார். பிறகு நான் போய்க் கேட்டபோது அவர் எனக்கு ஒப்பித்ததை அப்படியே தருகிறேன், நான் ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"சம்பந்தி இருக்காரா?"

"ஐயா மேல போயிட்டாருங்க."

"ஐயோ! எப்போ?"

"இப்பத்தான் கொஞ்சம் முன்னாடி. ரொம்ப கஷ்டப்பட்டுத்தான் போனாரு. நடுவுல மூச்சு வாங்கி நின்னுட்டாரு. அப்புறம் ஒரே தம்முல போயிட்டாரு."

"அந்தம்மா? அந்தம்மா எங்க?"

"கீழதான் உக்காந்திருக்காங்க. பிஸ்கட் சாப்பிடறாங்க."

"அழறாங்களா?"

"எதுக்கும்மா அழணும்? அவங்கதானே அவர போகச் சொன்னாங்க. நல்லா இருந்தா நானும் வர்றேன்னாங்க."

இதற்குப் பிறகு சம்பந்தியம்மா, "அவங்கள இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, அதிர்ச்சியில இருக்காங்க, பக்கத்துல யாராவது இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். தையல்காரரும் சரி என்று எழுந்துபோய் இவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. பெரியவர்கள் சொன்னால் செய்கிற சுபாவம். போகும்போது ஃபோனை மறுபடி சொருகியவர் சுவிட்சைப் போடவில்லை, ஃபோன் அடங்கிவிட்டது. அதனால்தான் அதற்கப்புறம் நீங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்த மனுஷர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

நாங்கள் வீடு திரும்பி, நான் சட்டையைக் கழற்றிப் பனியனோடு காலை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. மகள் அலறிக்கொண்டு உள்ளே வந்தாள், "அம்மா!" என்று கத்தியபடி என்னைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் வாளியில் கால் வைத்தபடி "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்று கேட்கிறேன், அவள் என் வெந்நீர்க் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். உங்களுக்குத் தெரியாததா, பெண்ணைப் பெற்றவனுக்கு அதைப் பார்க்க முடியுமா? மாப்பிள்ளை பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த உறையை என்னிடம் நீட்டிவிட்டார். மேலே என் மனைவி பேர். நான் பிரித்தேன்.

தங்களின் தமிழைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்தவர், வரிக்கு வரி தெரிகிறது. என்னை 'அன்னார்' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. 'அன்னார் தொட்ட லிஃப்டுகள் எல்லாம் இன்று ஓசையின்றி அழும்' என்று எழுதியிருந்தீர்கள். ஓசையில்லாமல் இருந்தால் லிஃப்ட் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம், அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை, இருந்தாலும் மனசுக்கு இதமாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு பாரா. 'தாங்கள் இனித் தனியாக இருக்க வேண்டாம். எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷன் காலியாகவே உள்ளது. படி ஏறும் கவலையின்றி அங்கு வந்து தங்கலாம். சம்பந்தி இருந்தவரையில் இதைச் சொல்ல வாய்க்கவில்லை.'

சம்பந்தி, அந்த 'இருந்தவரையில்' என்ற இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஏன் வாய்க்கவில்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் கதவு இழுக்கிறது, ஃபேன் முனகுகிறது, குழாய் சொட்டுகிறது என்று ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டிருப்பேன். கையும் காதும் அப்படிப் பழகிவிட்டன. இப்படி ஒருத்தனைக் கீழ்ப் போர்ஷனில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் தைரியம் வரும்? ஆனால் இப்போது நிலைமை இப்படி: என் மனைவிக்கு ஒரு நல்ல கீழ் வீடு தயாராக இருக்கிறது, ஆனால் நான் இருப்பது அதற்கு இடைஞ்சல்.

ஆகவே நன்றாக யோசித்தேன். அந்த மூன்றாவது மாடி வீடு மோசம் என்று சொல்ல மாட்டேன். தரகர் பார்க்காமலே சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. ஆனால் பால் வாங்க மறந்தால் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். கண்ணாடியை மறந்துவிட்டுக் கீழே போனால் மறுபடி ஒரு ஏற்றம். நான் ஒரு நாளில் எத்தனை பொருளை மறக்கிறேன் என்று என் மனைவிக்குத்தான் தெரியும். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் தூக்கிக்கொண்டு இறங்க நாலு பேர் வேண்டும், அந்த மாடித் திருப்பத்தில் ஒரு பீரோவே திரும்பாது. நீங்களும் சம்பந்தியம்மாவும் வந்தால் எப்படி ஏறுவீர்கள்? பேத்தியை யார் தூக்கி வருவது? யாரும் வர முடியாத வீட்டில் இரண்டு கிழங்கள் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து என்ன பண்ணுவது? இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள். ஆக, இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டோம். மாடி வீடு வேண்டாம். உங்கள் கீழ்ப் போர்ஷனுக்கே வந்துவிடுகிறோம். நான் உயிரோடு இருப்பது அந்த ஏற்பாட்டுக்குத் தடையாக இருக்காது என்றால் ஒரு வரி எழுதுங்கள். வாய் திறக்க மாட்டேன். குழாய் சொட்டினாலும் சொட்டட்டும்.

சம்பந்தியம்மா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் புண்ணியத்தில் மகள் முழுசாக இரண்டு நாள் எங்களோடு இருந்தாள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பேத்தி தொண்ணூறு வயதுக்கு மேல் நன்றாக இருக்கட்டும், எந்த வீட்டிலிருந்தாலும் ஓடி ஏறி ஓடி இறங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
இன்னும் சிலகாலம் இருக்க உத்தேசித்துள்ள
சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பிஸ்கட் வரும் இடத்தில் சிரித்தாள். முடித்ததும், "எல்லாம் சரிதான், இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள். "உன் முட்டியப் பத்தி எழுதியிருக்கேனே" என்றேன். "முட்டி இருக்கு. நான் எங்க?" என்றாள். தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் சம்பந்தி. இல்லை. அவள் பேசியதாக, அன்று வாசலில் 'நீங்க முதல்ல போங்க' என்றதைத் தவிர, 'உங்க இஷ்டம்' மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் சொல்கிறாள். மகள் கிளம்பிப் போன மறுநாள் நான் முடிவெட்டப் போயிருந்தபோது, இவள் தனியாகப் போய், நாங்கள் தையல்காரரிடம் விட்டுவந்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஏறியிருக்கிறாள். திருப்பத்துக்குத் திருப்பம் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து போனாளாம். முதல் மாடியில் தண்ணீர் கொடுத்தார்களாம், இரண்டாவது மாடி அம்மா கூடவே வந்து கதவு திறந்துகொடுத்தார்களாம். எங்கும் உட்காராமல் ஏறிய எனக்கு அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்றே தெரியாது. "மேல போய் என்ன பண்ணினே?" என்றேன். "எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுட்டு நடுவுல தரையில உக்காந்தேன். யாரும் வந்து கதவத் தட்டி மெக்கானிக் இருக்காரான்னு கேக்கல" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து தெருவைப் பார்த்த கீழ் வீடுதான், கூப்பிட்டதும் நான் ஓட வேண்டுமே என்று. ஓடினது நான், கதவைத் திறந்தது முழுக்க அவள். "சம்பந்தி வீடும் நல்ல வீடுதான், அவர் மனசும் பெரிய மனசுதான். ஆனா அங்க போனா நான் சம்பந்தி வீட்டுல இருக்கிறவ. அந்த மாடி வீடு என் வீடு" என்றாள். தரகரிடம் அட்வான்ஸையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியதில் சுகவிசாரிப்பையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடவும். இன்று தச்சரைக் கூட்டிப்போய் அளவு எடுத்துவிட்டேன். மாடித் திருப்பம் ஒவ்வொன்றிலும் சுவரோடு ஒரு மடக்குப் பலகை அடிக்கப்போகிறோம். நீங்கள் வரும்போது உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். கீலுக்கு நானே எண்ணெய் போட்டுவிடுவேன், முனகாது. உங்கள் கீழ்ப் போர்ஷனை வேறு நல்லவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சம்பந்தி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், அவள் இறங்கி வருவதாக இல்லை.