தேர்வுக்கு வந்த வயிற்றுவலி

"அம்மா... முதுகு வரைக்கும் குத்துதே!" என்று கத்தியபடி அந்த ஆள் கட்டிலில் சுருண்டார்.

மாணவிக்கு மெய்சிலிர்த்தது. மருத்துவத் தேர்வில் நோயாளியாக நடிக்க வருபவர்கள் ஒப்புக்கு முனகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவருக்கோ நெற்றியில் முத்து முத்தாக வியர்வை! போன தடவை கோட்டைவிட்ட தேர்வு. இப்பேர்ப்பட்ட கலைஞருக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று அவள் கட்டிலை நெருங்கினாள்.

"கணைய அழற்சின்னு தோணுது சார்," என்று தேர்வு நடத்தும் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, படுத்திருந்தவரிடம் திரும்பினாள். "ஐயா, கொஞ்சம் மல்லாந்து படுங்க."

படுத்ததும் அலறல் இரட்டிப்பானது.

"ஆகா!" என்றார் பேராசிரியர். "மல்லாந்தா வலி கூடும்னு படிச்சிட்டே வந்திருக்கார்! சரி, எந்த ஸ்கேன் எடுப்பே?"

"முதல்ல அல்ட்ராசவுண்ட் சார். பித்தப்பைக் கல் தெரியும். ஆனா குடல் வாயு கணையத்தை மறைச்சிடலாம்."

"அப்ப நேரா சி.டி.க்குப் போயிடேன்?"

"கணையம் நல்லாத் தெரியும். ஆனா முதல் நாளே எடுத்தா பாதிப்பு முழுசாத் தெரியாது சார். நோய் என்னன்னே குழப்பமா இருந்தா எடுக்கலாம்."

"எம்.ஆர்.ஐ.?"

"பித்தக்குழாய்ல ஒளிஞ்சிருக்கிற கல்லைக்கூடக் காட்டும். ஆனா ரொம்ப நேரம் ஆடாம அசையாம படுக்கணும்."

"என்னால ஆகாது தாயே! ஏதாவது ஒண்ணைச் சீக்கிரம் எடுங்க!"

"வசனம் எப்படி வந்து விழுது பாரு!" பேராசிரியர் கைதட்டினார்.

அவள் ஸ்கேன் கருவியை வயிற்றில் மெல்ல வைத்ததுதான் தாமதம், அந்த ஆள் பேராசிரியரின் காலணி மீதே வாந்தி எடுத்தார்.

"வாந்தியுமா! அர்ப்பணிப்புன்னா இதுதான்!" காலை உதறினாலும் பேராசிரியரின் பூரிப்பு குறையவில்லை.

திரையில் பித்தப்பை நிறையக் கற்கள். கல் உள்ளவராகவே தேடிப் பிடித்திருக்கிறார்களே என்று மாணவி வாயைப் பிளந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"சார், நடிப்போ நிஜமோ, என்னால பார்த்துட்டு இருக்க முடியல. டிரிப்ஸ் போட்டு, வலிக்கு ஊசி குடுத்து, ரத்தம் எடுத்து அனுப்பறேன். மார்க் போனாப் போகட்டும்."

போட்டேவிட்டாள். சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "நல்லா இரும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நடிக்க வந்தவருக்கு நிஜ ஊசியா? ஃபெயில்!" என்று பேராசிரியர் எகிறினார்.

கதவு திறந்தது. மூச்சிரைக்க ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், பஸ் வழியிலேயே நின்னுடுச்சு. வயித்துவலிக்காரரா நடிக்கக் கூப்பிட்டிருந்தீங்களே, எங்கே படுக்கணும்?"