அப்பா திதியில் நான் அழுதது பற்றிய விளக்கம்

சாங்வொன்,
டிசம்பர் 19

பெருமதிப்பிற்குரிய மூத்த அண்ணன் சியோக் மான்ஹோ அவர்களுக்கு,

இளையவன் தேஷிக் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி மிர்யாங் குளிரிலும் அடங்கிக் கிடக்கிறது என்றும், அண்ணி காயப்போட்ட பெர்சிமன் பழங்களைக் காக்கைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே நானும் கும்ரானும் சௌக்கியம். அதாவது, செவ்வாய்க்கிழமை தங்கள் கடிதம் வரும்வரை சௌக்கியமாக இருந்தோம்.

அப்பாவின் திதியன்று நான் அழுததைப் பார்த்துத் தங்கள் மனம் உருகிவிட்டதாகவும், மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக முன்னோர் கடன்களைத் தாங்களே வைத்திருப்பது நியாயமில்லை என்று தோன்றியதாகவும், அடுத்த ஆண்டு முதல் ஆறு திதிகளும் எங்கள் வீட்டிலேயே நடக்கும்படி மடக்குத் திரை, பித்தளைப் பாத்திரங்கள், பெயர்த்தாள் ஒட்டும் மரச்சட்டம் எல்லாவற்றையும் ஜனவரி 15 அன்று லாரியில் ஏற்றிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் கும்ரான்தான் முதலில் படிப்பாள். இதையும் படித்தாள். மடித்து என் சோற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். "ஆறு திதியும் இங்க வந்துச்சுன்னா, சாமான இறக்கிட்டுத் திரும்பிப் போற அதே வண்டியில நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க" என்றாள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. எனக்குப் பயம் அதனால்தான். ஆகவே நான் ஏன் அழுதேன் என்ற உண்மையை நகராட்சி நூலகத்துப் பத்திரிகை அறையில் உட்கார்ந்து இதோ எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடுங்கள். எரிப்பதில் தாங்கள் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பது கீழே வருகிறது.

என் ஓய்வூதியம் முழுவதும் கும்ரான் கைக்குப் போய், அதிலிருந்து மாதாமாதம் எனக்குக் கைச்செலவுக்கு வருவது தாங்கள் அறிந்ததே. அதில் மிச்சம் பிடித்தும், பேருந்துப் பணிமனையில் ஓய்வு பெற்றபோது கொடுத்த பண உறையைச் சொல்லாமல் வைத்துக்கொண்டும், பழைய சகா பேக் ஜோங்கு பேச்சைக் கேட்டு நான் கிரிப்டோ காயின் வாங்கிவந்தேன். எதற்கு என்று கேட்பீர்கள். எதற்கும் இல்லை. யாரும் கணக்குக் கேட்காத ஒரு பொருள் எனக்கும் இருக்கட்டும் என்றுதான். முதலில் காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் கம்பெனி ஒன்றில் வைத்திருந்தேன், அவர்கள் அடையாள அட்டை கேட்டார்கள், முகத்தை இடமும் வலமும் திருப்பச் சொன்னார்கள், அதோடு விடாமல் வீட்டுக்கு ஒரு கடிதமும் போட்டார்கள், அது காப்பீட்டு விளம்பரம் என்று கும்ரானிடம் சாதிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதுதான் ஜோங்கு, எல்லாவற்றையும் போனில் உள்ள வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளும்படியும், அதற்குப் பிறகு ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதை அந்த வாலட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம், நடுவில் கடையும் இல்லை ஆளும் இல்லை என்றும் சொன்னான். "வலது பாக்கெட்ல போட்டு இடது பாக்கெட்ல எடுக்கிற மாதிரிண்ணே. நீங்க யாரையும் கேக்க வேணாம், உங்களையும் யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். நானும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை மாற்றுக்கூலி எந்தக் காயினில் கட்ட வேண்டுமோ அந்தக் காயினையே முழுவதுமாக மாற்றித் தொலைத்து, சல்லிக்காசு கூலி கட்ட வழியில்லாமல், ஜோங்குவுக்குப் பன்றிக் குழம்புச் சோறு வாங்கிக் கொடுத்து அவனிடமிருந்து துளி காயின் வாங்க வேண்டியதாயிற்று. அதைத் தவிர எல்லாம் நிம்மதியாகவே நடந்தது.

போன மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். நூறு முட்டைக்கோஸ். உப்புத் தண்ணீரில் ஊறியதைப் புரட்டிப்போட நான் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த போன் தொட்டிக்குள் போய்விட்டது. கும்ரான் இடுக்கியால் அதை எடுத்து, குலுக்கி, என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த கோஸைப் புரட்டினாள். போன் கடைக்காரன், "இது ஊறிடுச்சுங்க" என்றான். வாலட் கம்பெனிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஜோங்குவைக் கேட்டேன். "ஆளே இல்லன்னுதானண்ணே அங்க போனோம்" என்றான். ஆனால் வாலட் தொடங்கும்போது பன்னிரண்டு சொற்களை அது கொடுக்கும், எழுதி வைத்துக்கொண்டு எந்தப் புதுப் போனிலும் வரிசை மாறாமல் இட்டால் உள்ளதெல்லாம் திரும்ப வந்துவிடும். நானும் எழுதி வைத்திருந்தேன், இந்த வீட்டில் கும்ரான் கை படாத ஒரே இடத்தில். அண்ணா, அந்த இடம், திதிக்காக ஒவ்வொரு வருடமும் நான் வாங்கிவரும் சடங்குத் தாளில் போன வருடம் மிச்சமான கட்டு. அதில் கடைசித் தாளின் பின்பக்கம், மங்கலாகப் பென்சிலால்.

புதுப் போன் வியாழக்கிழமை வந்தது. திதியும் அன்றுதான். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதென்று நள்ளிரவில் செய்யும் சடங்கைத் தாங்கள் மாலை ஆறு மணிக்கே வைத்திருந்ததால், மிர்யாங் போய்வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பேரிக்காயோடு சேர்த்து, புதுக் கட்டை விட்டுவிட்டு அந்தப் பழைய தாள்கட்டைக் கும்ரான் பையில் வைத்திருந்தது, தாங்கள் அதைப் பிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேலே இருந்த நான்கு தாளும் சுருங்கியிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு அடித்தாளை எடுத்தீர்கள். தூரிகையால் அப்பா பெயரை எழுதும்போது அறையில் யாரும் மூச்சு விடக்கூடாது, நான் எப்படி வாய் திறப்பேன்? சட்டத்தில் ஒட்டிவிட்டீர்கள். அப்பா தனிமையில் சாப்பிடட்டும் என்று எல்லோரும் அறையைவிட்டு வெளியேறியபோது நான் மட்டும் பின்தங்கி, சட்டத்தின் பின்னால் கையை விட்டேன். அண்ணி வந்து பார்த்துவிட்டார்கள். என் தோளைத் தொட்டு, "அப்பா பேரத் தொட்டுப் பாக்கணும்னு தோணுச்சா?" என்று கண்ணீர் விட்டார்கள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? பிறகு சடங்கு முடிந்து, வழக்கப்படி முற்றத்தில் தாங்கள் அந்தத் தாளைக் கையிலேந்திக் கொளுத்தியபோது, தீ வெளிச்சத்தில் பின்பக்கத்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது. நான்கு சொல் படித்தேன். மீதி எட்டும் சாம்பலாகி மேலே போயின. அப்போதுதான் அழுதேன். அப்பாவின் சாவு நடந்த மூன்று நாளும் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், வந்தவர்களுக்குப் பேருந்து ஏற்பாடு செய்துகொண்டு அலைந்தவன் ஏழு வருடம் அடக்கி வைத்திருக்கிறான் என்றார் சித்தப்பா. தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ உன்னளவுக்கு நான் நெனைக்கலடா" என்றீர்கள். அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது.

ஆகவே அண்ணா, நான் அப்பாவுக்காக அழவில்லை. ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்குப் பெறுமானமுள்ள தாளுக்காக அழுதேன். ஆறு திதிக்கு அல்ல, ஒன்றுக்குக்கூட நான் தகுதியில்லாதவன். லாரியை நிறுத்துங்கள். காரணத்தைக் கும்ரானிடம் மட்டும் சொல்லாதீர்கள்; வீட்டுத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

அண்ணி நலமாக இருக்கவும், தங்கள் முழங்கால் நூறு வயது வரை மடங்கி எழவும், பேரப்பிள்ளைகள் தேர்வில் முதலில் வரவும் வேண்டி, இரண்டு கைகளாலும் இக்கடிதத்தைத் தருகிறேன்.

தங்கள் தகுதியற்ற தம்பி,
சியோக் தேஷிக்

பி.கு.: தபால்தலை எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில், கும்ரான் இதைப் படித்துவிட்டாள். கடைசி வரி வரை படித்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு சொற்களையும் மார்ச் மாதம் தாள்கட்டுக்குப் பூச்சி உருண்டை வைக்கப் போனபோதே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். நான் எதை ஒளிக்கிறேன் என்று தெரிந்தும் தொடவில்லையாம். போன் தொட்டியில் விழுந்த அன்று மாலையே அந்தச் சொற்களைத் தன் போனில் இட்டு, எல்லாவற்றையும் அவளுடைய வாலட்டுக்கு மாற்றிக்கொண்டாளாம். பொதுக் குளியல் நிலையத்தில் சேரும் அவள் தோழிகள் எல்லோருக்கும் இது கைவந்த வேலையாம். நான் வைத்திருந்ததில் பாதி குப்பை என்று, அதையும் உள்ளேயே வேறு காயினாக மாற்றிவிட்டாள். நடுவில் யாரும் இல்லாததால் எனக்குக் கடிதமும் வரவில்லை, புகார் சொல்ல இடமும் இல்லை. எரிந்தது வெறும் தாள். ஒரு காசும் போகவில்லை என்று கேட்டதும் நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மறுபடியும் அழுதேன். முற்றத்தில் அழுததைவிட அதிகமாக, வெகுநேரம். கும்ரான் நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, "இப்ப எந்தத் தாளு எரிஞ்சுது?" என்று கேட்டாள். அப்பா பெயர் இருந்த பக்கம் என்றேன், அண்ணா. ஆகையால் மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் திதியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள், மீதி ஐந்தும் தங்களிடமே இருக்கட்டும். கும்ரான் சம்மதித்துவிட்டாள்; சமையல் கடையிலிருந்து வரும், பணத்தை என் காயினிலிருந்து அவள் கொடுப்பாள். பெயர்த்தாளை மட்டும் தாங்கள் வந்து எழுத வேண்டும். என் கையெழுத்து அப்பாவுக்கு எப்போதுமே பிடித்ததில்லை.