சம்பந்தி சுட்ட பேகலும் என் வயிற்றெரிச்சலும்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி டாக்டர் அவர்களின் சமுகத்திற்கு,

பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலம் என்று எழுதுவதுதான் முறை என்பதால், நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் கண் விழித்ததுமே இருபத்தைந்து கிராம் புரோட்டீன் உள்ளே போகிற வீட்டில் நலத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? என் மகள், அதாவது தங்கள் மருமகள், காலில் மாவுக்கட்டோடு ஐந்து வாரமாகத் தங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளைத் தாங்கள் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொள்கிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. நன்றி சொல்லிவிட்டேன் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

பூப்பந்து ஆடப்போன இடத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டவள் பெற்றவர்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையோ வேலை விஷயமாக மூன்று மாதம் வெளியூர். ஆனால் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தங்கள் வீடு தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி. அது நியாயம்தான், நானும் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். எலும்பு சேர புரோட்டீன் நிறையச் சாப்பிடச் சொன்னார் கட்டுப் போட்ட டாக்டர். அதுவும் நியாயம். நானும் முட்டை, பால், பருப்பு என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு, அவளிடம் சொல்லலாம் என்று போனை எடுக்கிறேன், அதற்குள் அவளே கூப்பிட்டாள். "அப்பா செஞ்ச பேகல் செம டேஸ்ட்டு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எப்பம்மா செஞ்சேன்?" என்று கேட்டேன். "நீங்க இல்லப்பா... அப்பா!" என்றாள்.

சம்பந்தி, அவள் முதலில் சொன்ன அந்த ஐந்து சொல்லை நான் ஐந்து வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் தொண்டைக்குள் இறங்கவில்லை. கல்யாணத்தன்று தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அவ எங்களுக்கும் மகள்" என்றீர்கள். 'எங்களுக்கும்' என்பதில் ஒரு 'உம்' இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் நானும் தலையை ஆட்டினேன். அந்த 'உம்' இப்போது எங்கே போயிற்று? தாங்கள் முப்பது வருடம் மயக்க மருந்து டாக்டராக இருந்தவர். பத்து வரைக்கும் எண்ணச் சொல்லி, ஏழுக்குள் ஆளைச் சாய்த்துவிடுகிற கை. மயக்குவது தங்களுக்குத் தொழில். என் மகளை மயக்க ஊசிகூடத் தேவைப்படவில்லை, எள்ளும் பூசணி விதையும் ஒட்டிய ஒரு ரொட்டி வளையம் போதுமாக இருந்திருக்கிறது.

நானும் சும்மா விடவில்லை. பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்து, மழையிலும் வெயிலிலும் வண்டிகளை நேரத்துக்கு வெளியே அனுப்பியவன், ஒரு பிடி மாவை நேரத்துக்கு எழுப்பமாட்டேனா என்று நினைத்தேன். என் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "அவர் டாக்டரு. கிராம் கணக்கு, மில்லி கணக்கெல்லாம் அவர் கைக்குப் பழக்கம். உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள். அந்த 'டாக்டரு' என்ற சொல்லை அவள் சொன்ன விதமே எனக்குப் பிடிக்கவில்லை. நேராக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்குப் போய்ப் புரோட்டீன் பவுடர் கேட்டேன். கடைக்காரர் என் தொந்தியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் தொந்தியைப் பார்த்தார். "யாருக்கு சார்?" என்றார். "என் மகளுக்கு" என்றேன். உடனே ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மாவில் கொட்டிய பிறகுதான் தெரிந்தது, அது ஸ்ட்ராபெரி வாசனை. நான் அதற்கு முன்னாடியே பூண்டும் உப்பும் போட்டாகிவிட்டது. மாவை உப்பவைக்கிற ஈஸ்டைக் கொதிக்கிற தண்ணீரில் வேறு கரைத்துவிட்டேன், சூடாக இருந்தால் சீக்கிரம் வேலை செய்யும் என்று. அது அங்கேயே செத்துப்போய்விட்டது என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ரோஸ் நிறத்தில், பூண்டு மணத்தோடு, கல் மாதிரி எட்டு வளையம். மகளுக்குப் போட்ட மாவுக்கட்டைவிட அது உறுதியாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை ஈஸ்டைச் சாகவிடாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தேன். மாவு உப்புவதற்கு இதமான இடம் வேண்டும் என்று செய்முறையில் போட்டிருந்ததால், பாத்திரத்தை எங்கள் கட்டிலில் வைத்து, பக்கத்தில் வெந்நீர்ப் பையை வைத்து, கம்பளியால் போர்த்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து எழுப்பலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருக்கும். காலையிலிருந்து மெஷின் மிதித்து இடுப்பு வலித்த என் மனைவி, கொஞ்சம் சாயலாம் என்று உள்ளே போயிருக்கிறாள். "ஏங்க" என்று ஒரு சத்தம் வந்தது. கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு 'ஏங்க'வை நான் கேட்டதில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். "நான் எது மேல ஒக்காந்திருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. எந்திரிக்கலாமா, கூடாதா?" என்றாள். மாவு அவ்வளவு நன்றாக உப்பிக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது, சம்பந்தி. அழுகை வந்துவிட்டது எனக்கு. அவளுக்காக இல்லை, மாவுக்காக. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து சமையலறைப் பக்கம் நான் இருந்தால் அவள் வருவதில்லை.

மூன்றாவது தடவை வளையம் பிடிப்பதுவரை எல்லாம் ஒழுங்காக வந்தது. ஓவனில் வைப்பதற்கு முன்னால், கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும் என்பது தெரியும். விதையை முக்கியெடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்பதை யாருங்க சொன்னா? நான் எள், ஆளி விதை, பூசணி விதை, சூரியகாந்தி விதை எல்லாத்தையும் அழகா அடுக்கி ஒட்டி, அப்புறம் தண்ணியில போட்டேன். வளையம் மொட்டையா மேல வந்துச்சு, விதையெல்லாம் அடியில போயிடுச்சு. அந்தத் தண்ணியைப் பாத்திரம் கழுவுற தொட்டியில கொட்டினேன். ஆளி விதை ஊறினா பசையாகும்னு உங்க மருத்துவப் படிப்புல இருந்திருக்கும், எங்க டிப்போவுல இல்ல. மறுநாள் காலையில தண்ணி இறங்கவே இல்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்து, கம்பியை விட்டுக் குடைஞ்சு, வெளிய வந்ததை விரல்ல தொட்டுப் பாத்துட்டு, "சார், உள்ள என்னமோ வெதச்சிருக்கீங்க. ஒரு வாரம் விட்டிருந்தா அறுவடையே பண்ணியிருக்கலாம்" என்றார். கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, அவர்கள் வீட்டுத் தொட்டியில் பூசணி விதை மேலே வருவதாகச் சொன்னார்கள். நான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நான்காவது தடவை ஆறு வளையம் தேறி வந்தது. வட்டமாக, ஓட்டையோடு, விதையோடு. கொஞ்சம் கனம், அவ்வளவுதான். டப்பாவில் போட்டு, பையில் வைத்து, சென்ற ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறித் தங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது தாங்கள்தான். இடுப்பில் ஏப்ரன், கையில் துணிக் கையுறை, முகத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்கிற அந்தச் சிரிப்பு. உள்ளே முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு என் குழந்தை. "அப்பா!" என்று கூப்பிட்டாள். நாம் இரண்டு பேருமே "என்னம்மா?" என்றோம். அவள் கூப்பிட்டது யாரை என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. பதில் வேறு மாதிரி வந்துவிட்டால் நான் எந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வருவது?

நீங்கள் சுட்டதில் ஒன்றை எடுத்துக் குறுக்கே அறுத்தீர்கள். மேலே நறுக்கென்று சத்தம், உள்ளே பஞ்சு மாதிரி மென்மை, அதிலிருந்து ஆவி. "கெட்டித் தயிரு, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் சோயா மாவு, அவ்வளவுதாங்க சம்பந்தி. ஒண்ணுமே இல்ல" என்றீர்கள். ஒன்றுமே இல்லையாம்! நான் மூன்று சாப்பிட்டேன். முதலாவது மரியாதைக்கு, இரண்டாவது ருசிக்கு, மூன்றாவது கோபத்தில். அவள், "அப்பா, அது என்ன பையில?" என்று கேட்டாள். இந்தத் தடவை என்னைத்தான். என் வாயில் உங்கள் பேகல் இருந்தது. "செருப்பும்மா. தைக்கக் குடுக்கணும்" என்றேன். நீங்களும் நல்ல மனசோடு பையை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்லா உழைச்ச செருப்பு போல, கனமா இருக்கே" என்றீர்கள். தெரிந்து சொன்னீர்களா தெரியாமல் சொன்னீர்களா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் பழைய ஆள், டிப்போவிலிருந்தே பழக்கம். பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "எந்த வண்டியோட பார்ட்டு சார் இது?" என்றார். அதில் ஒன்று இப்போது எங்கள் படுக்கையறைக் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் நான் புகாராக எழுதவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் புகார் எழுதக் கூடாது. பணிவான விண்ணப்பமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையே என் மகளை என்னோடு அனுப்பிவைக்கவும். மூன்று மாடிக்கும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவர டிப்போவில் நான்கு டிரைவர்களிடம் பேசி வைத்திருக்கிறேன். அனுப்ப மனசு வரவில்லையென்றால், வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பேகலைக் கொஞ்சம் கருகவிடவும். அவள் தங்களை மாமா என்று கூப்பிடுவதே முறை என்பதையும், நான் சொன்னதாக இல்லாமல் தாங்களே சொல்வதுபோல, பக்குவமாக எடுத்துச் சொல்லவும். எனக்குத் தங்கள்மேல் பொறாமை என்று என் மனைவி சொல்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. நான் இனிமேல் மாவைக் கையால் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தொடாதவனுக்குப் பொறாமை எங்கிருந்து வரும்?

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவியின் அன்பு விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மகளுக்குச் சீக்கிரம் எலும்பு கூடட்டும். தங்கள் குடும்பத்துக்கு எல்லா நலமும் வளமும் பெருகட்டும், அளவோடு.

இப்படிக்கு,
அவளைப் பெற்ற அப்பா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவதற்குள் அவளிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அப்பா, நான் அங்க வந்துடட்டுமா? என்னால முடியலப்பா. முப்பத்தஞ்சு நாளா காலையிலயும் சாயங்காலமும் பேகல். தாடையெல்லாம் வலிக்குது. அவரு பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு, நான் முழுங்குற வரைக்கும் என் மூஞ்சியவே பாக்குறாருப்பா. பாவமா இருக்கு, வேண்டாம்னு சொல்ல வாய் வரல. நான் ஒக்காந்து ஒக்காந்தே மாடி ஏறிக்கிறேன். நீங்க ரெண்டு முட்டை அவிச்சுக் குடுத்தாப் போதும். தயவுசெஞ்சு வளையமா எதையும் கண்ணுல காட்டிடாதீங்க. நான் சொன்னேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிடுவாரு" என்றாள். நான் உங்களிடம் சொல்லிவிட்டதை நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நான்கு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாவது நிமிஷம் ஓவன் மணி அடித்தது. மாவைத் தொடுவதில்லை என்று மேலே எழுதியபோது உள்ளே பன்னிரண்டு வெந்துகொண்டிருந்தது உண்மை. அந்த நேரத்தில் தொடவில்லை, அதுவும் உண்மை. வெளியே எடுத்தால், சம்பந்தி, பன்னிரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்திருக்கிறது. ஒரு விதை உதிரவில்லை. தட்டினால், பதமாக வெந்ததற்கு அடையாளமாக, டொக்கென்று கேட்கிறது. யாரிடம் காட்டுவேன்? மனைவி மோந்துகூடப் பார்க்கமாட்டேன் என்கிறாள். மகளோ பேகல் இல்லாத வீடு என்று நம்பித்தான் இங்கே வருகிறாள். உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. இந்த ஊரில் இதன் அருமை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், புதிதாக எழுத முடியவில்லை, பிசைந்து பிசைந்து கை வலிக்கிறது. உங்களை அவள் அப்பா என்றே கூப்பிடட்டும், அவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும்போது எனக்கும் துணைக்கு ஓர் அப்பா வேண்டும். வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டுவந்து விடும்போது அப்படியே மேலே வாருங்கள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் சாப்பிடுவோம். உங்களுடையது மேலே மட்டும் எப்படி அப்படி மினுங்குகிறது என்று அப்போது சொல்லித் தரவும். மற்றபடி உங்கள்மேல் எனக்கு எள்ளளவும் பொறாமை கிடையாது. அந்த மினுமினுப்பு ஒன்றைத் தவிர.