கையுறையும் ஓர் இறாலும்

உலக வைத்திய வரலாற்றைப் பொன்னெழுத்தில் எழுதுகிறவர்கள், திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே உள்ள எங்கள் பல் வைத்திய நிலையத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டும். (மாலை வகுப்பில் சுருக்கெழுத்துப் படிக்கும் ஒருவன் இப்படித் துணிந்து சொல்லலாமா தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.)

எங்கள் உதவியாளர் றஹ்மா, பல்லோட்டை அடைப்பதற்கு வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் வெறும் உள்ளங்கையில் வைத்துக் குழைப்பவர். இந்த 1974ஆம் ஆண்டில் அந்த உள்ளங்கை சிவந்து, கொப்பளித்து, வெடித்தது. கை ஆறாவிட்டால் வேலை போய்விடும். உடனே டொக்டர் கதிராமன் ‘விசாரணைக் குழு’ அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர் மருந்து கலக்கும் ஸஹாப்தீன், செயலாளர், பதிவேடு எழுதும் நான். நோயாளிகள் தாடையைப் பிடித்தபடி வெளியே காத்திருக்க, குழு கூடியது.

“பிள்ளை, நேற்று என்ன கறி?”

“இறால், டொக்டர்.”

“பிடிபட்டுது!”

இறால் தடைசெய்யப்பட்டது. கை ஆறவில்லை. கணவாய் தடைசெய்யப்பட்டது. கத்தரிக்காயும் போனது. கடைசியில் றஹ்மாவுக்குச் சோறும் உப்பும்தான் மிஞ்சின. கை இன்னும் மோசமானது.

“லீவு நாளில இந்தச் சொறிக்கடி குறையுது, டொக்டர். இந்தப் பாதரசந்தான்...”

“லீவு நாளில குறைஞ்சா அதுக்குப் பேர் சோம்பல், தங்கச்சி,” என்றார் ஸஹாப்தீன். குழு அதை ‘ஏகமனதாக’ ஏற்றது.

பிறகு றஹ்மா ஒரு கலியாணத்துக்காகக் கிண்ணியாவுக்குப் போனார். அந்த வாரம் டொக்டரே குழைத்தார்.

“ஐயோ, கை கடிக்குது!”

துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கும் கேட்டிருக்கும். நான் முறைப்படி பேனாவைத் திறந்தேன்.

“டொக்டர், நேற்று என்ன கறி?”

“விசரே! இது உலோக ஒவ்வாமை. தொழிலால வாற நோய்!”

கொழும்பிலிருந்து டொக்டருக்கு றப்பர் கையுறைகள் வந்தன. றஹ்மாவும் திரும்பி வந்தார்.

“எனக்கும் ஒரு சோடி தாங்கோ, டொக்டர்.”

“உமக்கு வந்தது இறாலால எல்லோ!”

குழு மீண்டும் கூடி, கருணையோடு தீர்மானித்தது: ‘இறாலைத் தொடும் வேளைகளில் மட்டும் றஹ்மா கையுறை அணியலாம்.’

மறுநாள் குழைக்கும் மேசையில் ஒரு பீரிஸ் தட்டு. அதில் ஓர் இறால். றஹ்மா கையுறை போட்டு பாதரசம் குழைத்துக்கொண்டிருந்தார். முழங்கை இறாலில் முட்டியிருந்தது.

“என்ன பிள்ளை இது?”

“தொட்டுக்கொண்டுதானே நிக்கிறன், டொக்டர்.”

தீர்மானத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தோம். மீறல் எதுவும் இல்லை.

கை இப்போது ஆறிவருகிறது. இறாலுக்கு ஒரு நன்றித் தீர்மானம் கொண்டுவரலாமா என்று செயலாளராகிய நான் யோசிக்கிறேன். எங்கள் உயிருள்ள மூன்று தலைகளும் செய்யாததை, அந்தச் செத்த தலை செய்துவிட்டதே!